உங்களுக்குத் தெரியுமா? டான்சிலை வேரோடு எடுக்க வேண்டியதில்லை!

டான்சில் ஆபரேஷன் என்றாலே முழுதாக வெட்டியெடுப்பது என்றுதான் நினைக்கிறோம். குறட்டை விட்டுத் தூக்கத்தில் மூச்சுத் திணறும் குழந்தைக்கு அது அவசியமா? டான்சிலுக்கும் தொண்டைத் தசைக்கும் நடுவே மெல்லிய உறை ஒன்று உண்டு. முழு அகற்றலில் அதுவும் போய்த் தசை திறந்து கிடக்கும். எச்சில் விழுங்கினாலே வலி. ஒரு வாரம் கழித்தும் ரத்தம் கசியலாம். புதிய முறையில் உறையை விட்டுவைத்து, மூச்சு வழியை அடைக்கும் சதையை மட்டும் எடுக்கிறார்கள். இதற்குப் பயன்படும் கோப்ளேஷன் என்ற கருவியின் முனையில் உப்புநீர் வழிய, மின்சக்தி அதை அயனிப் படலமாக்கித் திசுவைக் கரைக்கிறது. சூடு சுமார் 40 முதல் 70 டிகிரி செல்சியஸ்தான். மின்சூட்டுக் கருவியிலோ 400 டிகிரியைத் தாண்டும்.

மிச்சம் வைத்தால் மறுபடி வளராதா? வளரலாம், மிகச் சிறு வயதில் செய்தால் வாய்ப்பு கூடுதல், சிலருக்கு இன்னொரு ஆபரேஷனும் வரும். ஆனாலும் மூச்சடைப்புள்ள குழந்தைகளுக்கு ஸ்வீடனில் இம்முறை பரவலாகிவிட்டது. வலி குறைவது பெரும்பாலானவர்களுக்குப் பலன், மீள்வளர்ச்சியோ சிலருக்கே. அடிக்கடி கிருமித்தொற்றால் தொண்டை புண்ணாகும் குழந்தைக்கு மட்டும் இந்தக் கணக்கு அவ்வளவு உறுதியாகப் பொருந்தாது; அங்கே முழு அகற்றலைச் சொல்லும் மருத்துவரைப் பழமைவாதி என்று தள்ளிவிட முடியாது.