எடை குறைப்பு ஆபரேஷன்: தகுதி யாருக்கு? தயாராவது எப்படி?

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. குடவோலையில் ஒருவர் பெயரைச் சேர்க்க வேண்டுமென்றால் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும் என்று அது பட்டியல் போடுகிறது. ஆசை மட்டும் இருந்தா போதாது, தகுதியும் வேணும் என்பதே அதன் சாரம்.

எடை குறைப்பு அறுவை சிகிச்சையும் அப்படித்தான். 2024 ஏப்ரலில் சென்னை புறநகர் தனியார் மருத்துவமனை ஒன்றில் இந்தச் சிகிச்சைக்குச் சென்ற இளைஞர் உயிரிழந்தார். அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. அதன்பிறகு பலருக்கும் எழுந்த கேள்வி: 'இதைப் பண்ணிக்கலாமா, கூடாதா?'

உடல் பருமன் இவ்வளவு பெரிய பிரச்சினையா?

ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 40.4% பெண்களும் 37% ஆண்களும் அதிக எடையுடன் இருக்கிறார்கள். இது நகரத்து வியாதி மட்டுமல்ல. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்ஸில் ஷிஃப்டுக்குப் போய், நடுராத்திரி சாப்பிட்டு, பகலில் தூங்கும் கிராமத்து இளைஞர்களுக்கும் இதே கதைதான்.

யாருக்குத் தகுதி?

முதல் அளவுகோல் பி.எம்.ஐ. எடையை (கிலோ) உயரத்தின் (மீட்டர்) வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண். 165 செ.மீ. உயரம், 98 கிலோ எடை என்றால் பி.எம்.ஐ. 36.

இந்திய அறுவை சிகிச்சை நிபுணர்களின் வழிகாட்டுதலில், பி.எம்.ஐ. 35-ஐத் தாண்டினால் வேறு நோய் இல்லாவிட்டாலும் பரிசீலிக்கலாம். 30-ஐத் தாண்டி, சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற இணைநோய்கள் இரண்டு இருந்தாலும் பரிசீலிக்கலாம். 2022-ல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல், ஆசியர்களுக்கு இந்த வரம்பை 27.5 வரை இறக்கியது. நம்மவர்களுக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றுக் கொழுப்பும் சர்க்கரையும் வந்துவிடுவதுதான் காரணம்.

கட்டுப்பாடற்ற மனநலப் பிரச்சினை, மது அல்லது போதைப் பழக்கம் இருந்தால் முதலில் அதற்குச் சிகிச்சை. கர்ப்பிணிகளுக்குக் கிடையாது. சிகிச்சைக்குப் பிறகும் 12 முதல் 18 மாதங்கள் வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்வார்கள். தைராய்டு போன்ற ஹார்மோன் கோளாறால் எடை ஏறியதா என்பதையும் முதலில் பார்த்துவிட வேண்டும்.

இன்ஷூரன்ஸ் கிடைக்குமா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். டாக்டர் 'தகுதி இருக்கு' என்று சொன்னாலும் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கணக்கு வேறு. ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த பொது நிபந்தனைப்படி வயது 18 ஆகியிருக்க வேண்டும், டாக்டர் பரிந்துரை வேண்டும், பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 35-க்கு மேல் என்றால் கட்டுக்கடங்காத டைப் 2 சர்க்கரை, இதய ரத்தக்குழாய் நோய், உடல் பருமனால் வந்த இதயத்தசை பாதிப்பு, தீவிரமான தூக்க மூச்சுத்திணறல் ஆகியவற்றில் ஒன்று இருக்க வேண்டும். மற்ற வழிகளில் முயன்றும் பலனில்லை என்றும் காட்ட வேண்டும்.

அதே 165 செ.மீ. உயரத்தில் 85 கிலோ என்றால் பி.எம்.ஐ. 31. சர்க்கரையும் பிரஷரும் இருந்தால் டாக்டர் ஆபரேஷனைப் பரிசீலிக்கலாம். ஆனா கிளெய்ம் நிராகரிக்கப்படலாம். எனவே வட்டிக்குக் கடன் வாங்கும் முன் பாலிசியின் காத்திருப்புக் காலம், உச்சவரம்பு இரண்டையும் எழுத்துபூர்வமாகக் கேட்டு வாங்குங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் இந்தச் சிகிச்சை செய்யப்பட்டிருக்கிறது. அங்கே விசாரித்த பிறகு தனியாரைப் பற்றி யோசிக்கலாம்.

எப்படித் தயாராவது?

இதயம், நுரையீரல், கல்லீரல் பரிசோதனை, மூன்று மாதச் சர்க்கரை அளவு, தைராய்டு, வைட்டமின் டி, பி12, இரும்புச்சத்து, எண்டோஸ்கோபி ஆகியவை வழக்கமானவை. பலமாகக் குறட்டை விடுபவர்களுக்குத் தூக்கப் பரிசோதனை முக்கியம். கண்டறியப்படாத தூக்க மூச்சுத்திணறல், மயக்க மருந்தின்போது ஆபத்தாகிவிடும்.

சிகரெட்டைச் சில வாரங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். எடை குறைக்கும் ஊசி போட்டுக்கொண்டிருந்தால் மயக்கவியல் டாக்டரிடம் மறைக்காதீர்கள். அது வயிற்றில் உணவைத் தங்க வைக்கும். ஆபரேஷனுக்கு முந்தைய இரண்டு வாரம் மாவுச்சத்து குறைந்த, புரதம் மிகுந்த உணவு கொடுப்பார்கள். இது கல்லீரலைச் சுருங்கச் செய்து, சர்ஜன் இரைப்பையை எளிதாக அணுக உதவும். சர்க்கரை மாத்திரை, இன்சுலின் அளவை இந்த நாட்களில் நீங்களே மாற்றக் கூடாது.

ஆபரேஷனுக்குப் பிறகு?

'ஸ்லீவ்' முறையில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் அகற்றப்படும். அதைத் திரும்ப ஒட்ட வைக்க முடியாது. முதலில் திரவம், பிறகு மசித்த உணவு, அதன்பிறகுதான் வழக்கமான சாப்பாடு. தட்டு நிறைய சோறு, கொஞ்சம் குழம்பு என்ற பழக்கம் தலைகீழாகும்: முதலில் முட்டை, மீன், பருப்பு, கடைசியில் ஒரு பிடி சோறு. வைட்டமின் மாத்திரைகள் வாழ்நாள் முழுக்கத் தொடரும். மாத்திரையை விட்டால் ரத்தசோகை, நரம்பு பாதிப்பு வரலாம்.

கிராமத்தில் இருப்பவர்கள் ஒன்றை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். உத்திரமேரூரிலிருந்து சென்னை பெரிய மருத்துவமனைக்குப் போகவே பல மணி நேரம் ஆகலாம். வீடு திரும்பிய பிறகு காய்ச்சல், படபடப்பு, மூச்சுத்திணறல், அதிகரிக்கும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி வந்தால், 'காலையில பாத்துக்கலாம்' என்று காத்திருக்கக் கூடாது. தையல் கசிவு, ரத்தக்கட்டியின் அறிகுறியாக இருக்கலாம். 108-ஐ அழையுங்கள், டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

முன்பணம் கட்டும் முன் கேளுங்கள்

இதே சிகிச்சையை நீங்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? தீவிர சிகிச்சைப் பிரிவு இதே கட்டடத்தில் இருக்கிறதா? ராத்திரி பிரச்சினை என்றால் எந்த நம்பர்? ஒரு வருடத் தொடர் பரிசோதனைக்கு யார் பொறுப்பு?

இதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்லாமல், முதல் சந்திப்பிலேயே ஆபரேஷன் தேதி கொடுத்தால், எழுந்து வந்துவிடுங்கள். இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்பதால் நஷ்டம் எதுவும் இல்லை.