துயிலை அளக்கும் கருவி

இரவு எத்தனை மணி நேரம் உறங்கினீர்கள் என்று கேட்டால், படுத்த வேளையையும் எழுந்த வேளையையும் கொண்டு கணக்குச் சொல்லுவது நம் வழக்கம். பத்து மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுந்தால் எட்டு மணி நேர உறக்கம் என்போம். இடையில் விழித்துக் கிடந்த நேரம் இக்கணக்கில் சேர்வதில்லை. உறங்குகிறவனே தன் உறக்கத்துக்குச் சாட்சியாக இருக்க முடியாதல்லவா?

பள்ளிபாளையத்தில் விசைத்தறிக் கூடத்தை அடுத்த வீட்டில் ஓர் இரவு தங்கியவர்களுக்கு இது விளங்கும். தறியின் ஓசை பழகிப் போயிற்று என்று அவ்வீட்டார் கூறுவர். செவி பழகியிருக்கலாம்; உடலும் பழகிவிட்டதா என்பதே வினா.

இத்தகைய வினாவுக்கு விடை தேட விஞ்ஞானிகள் கையாளும் கருவி, கைக்கடிகாரம் போல் மணிக்கட்டில் கட்டிக்கொள்வது. கை எப்போது, எவ்வளவு அசைந்தது என்பதை அது நாள் முழுவதும் இடைவிடாமல் குறித்து வைக்கும். உறக்கத்தில் கை அரிதாகவே அசையும் என்பதால், அக்குறிப்பிலிருந்து துயிலையும் விழிப்பையும் கணினி பிரித்துக் காட்டுகிறது. தலையில் கம்பிகளைப் பொருத்தி மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்வது இதனினும் துல்லியமான முறைதான். ஆயினும் கம்பிகளுக்கு நடுவே கழியும் ஓர் இரவு, வீட்டில் கழியும் இரவு ஆகாது. பிரிட்டனில் 2013 முதல் 2015 வரை ஏறத்தாழ 1 லட்சம் பேர் இத்தகைய அசைவுக் கருவியை ஏழு நாட்கள் அணிந்தனர்.

கருவி ஏமாறுவதும் உண்டு. கவலையோடு அசையாமல் படுத்திருப்பவனை அது உறங்குவதாக எண்ணிவிடும். நாமக்கல் லாரியில் ஓட்டுநர் வண்டியைச் செலுத்த, பின்பலகையில் அயர்ந்து உறங்கும் துணையாளை, வண்டியின் குலுக்கலால் விழித்திருப்பதாக அது எழுதிவிடவும் கூடும். தூளியில் ஆடும் குழந்தையின் கதியும் அதுவே!

நம் மாநிலத்திலேயே இக்கருவியைக் கொண்டு ஓர் அரிய ஆராய்ச்சி நிகழ்ந்தது. பெத்ரோ பெஸ்ஸோன், கௌதம் ராவ், பிராங்க் ஷில்பாக், ஹெதர் ஸ்கோஃபீல்ட், மாட்டி டோமா ஆகியோர் சென்னையில் குறைந்த வருவாயுள்ள 452 பேருக்குக் கணினியில் விவரம் பதியும் வேலை கொடுத்து, அவர்களுடைய துயிலை அளந்து, முடிவை 2021-இல் வெளியிட்டனர். அம்மக்கள் படுக்கையில் கழித்தது 8 மணி நேரம். உறங்கியதோ ஐந்தரை மணி நேரமே. நூற்றுக்கு 69 பங்குதான் துயில்! உறக்க நோயாளரிடம் காணும் அளவு இது.

அவர்களில் ஒரு பகுதியினருக்குக் கண்மறைப்பு, காதடைப்பான் முதலியவற்றையும் அறிவுரையையும் ஊக்கத்தையும் அளித்தார்கள். மூன்று வாரத்தில் துயில் இரவுக்கு 27 நிமிஷம் கூடிற்று. ஆனால் அது படுக்கையில் கூடுதல் நேரம் கிடந்ததனால் வந்ததேயன்றி, துயிலின் தரம் உயர்ந்ததனால் வந்ததன்று. வேலைத் திறனிலோ, அறிவுக் கூர்மையிலோ, மன நலத்திலோ அதனால் புலப்படத்தக்க மாறுதல் ஏற்படவில்லை. அறிஞர்கள் எதிர்பார்த்ததற்கு இது நேர்மாறு. துண்டு துண்டான உறக்கத்தில் இன்னும் ஒரு துண்டைச் சேர்ப்பதால் பயன் குறைவோ என்று எனக்குத் தோன்றுகிறது. இஃது என் ஊகமே.

இதைவிட வியப்பு, பகலுறக்கத்தைப் பற்றியது. பணியிடத்திலேயே பிற்பகலில் சுமார் அரை மணி நேரம் அமைதியாகக் கண்ணயர வாய்ப்புப் பெற்றவர்களிடம் வேலைத் திறனும் மன நலமும் அறிவுக் கூர்மையும் உயர்ந்தன. நண்பகலில் வேப்பமரத்தடியில் துண்டை விரித்துப் படுப்பவனைச் சோம்பேறி என்று ஏசும் நாம் இதைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

எனினும் ஒரு சிக்கல் உண்டு. வெறுமனே ஓய்வெடுத்தவர்களைவிடத் துயின்றவர்கள் மிகுதியாகச் சம்பாதித்தார்கள். ஆனால் அந்த அரை மணியிலும் வேலையை விடாது செய்தவர்களைவிடக் குறைவாகவே சம்பாதித்தார்கள். திறன் உயர்ந்தும், இழந்த நேரத்தை அது முழுதும் ஈடு செய்யவில்லை. நெய்த அளவுக்கே கூலி பெறும் தறிக்காரர் நண்பகலில் கண்ணயர்ந்தால், அந்த அரை மணியின் நஷ்டம் அவருடைய கூலியிலேயே விழும். அதை முதலாளி ஏற்பாரா என்பது மணிக்கட்டுக் கருவி அளந்து சொல்லக்கூடியதன்று.