கிராமத்தில் பயிலும் என்ஜினீயரிங் மாணாக்கர்

என்ஜினீயரிங் கலாசாலை மாணாக்கர்கள் நம் கிராமங்களுக்கு வந்து சில தினங்கள் தங்கிச் செல்வதை அங்கத்தினர்கள் கண்டிருப்பீர்கள். இதனால் யாருக்கு என்ன பயன் என்று சிலர் வினவக்கூடும். அதனை ஈண்டு விளக்குவோம்.

ஒரு கருவி செவ்வனே இயங்கினால் மட்டும் போதாது. அதனைக் கையாளும் மக்களின் வழக்கத்துக்கும் அது இணங்கியிருத்தல் வேண்டும். இதற்குப் புகையில்லா அடுப்பே தக்க சான்று. இந்திய சர்க்கார் 1983 முதல் 2002 வரை நடத்திய திட்டத்தில் 3 கோடிக்கு மேற்பட்ட அடுப்புகள் அமைக்கப்பட்டன. எனினும் அவற்றுள் பல சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டன. காரணம் யாதெனில், பல வீடுகளில் அடுப்பின் வாய்க்குப் பாத்திரம் பொருந்தவில்லை; விறகைச் சிறு துண்டுகளாகப் பிளக்க வேண்டியிருந்தது; புகைபோக்கியில் கரி அடைத்தது; பழுது பார்ப்பார் இல்லை. சமைக்கும் பெண்மணிகளை முன்னரே போதிய அளவு கலந்து கொள்ளாமையே பெருங்குறை.

இத்தகைய குறைகளைத் தவிர்க்க உதவுவது அநுபவ வழிக் கல்வியாகும். டேவிட் கோல்ப் என்னும் அமெரிக்க அறிஞர் 1984-இல் வெளியிட்ட நூலில் இதற்கு நான்கு படிகள் கூறினார். நேரில் அநுபவித்தல், அதனைச் சிந்தித்தல், அதிலிருந்து பொதுக் கருத்துக் காணல், மீண்டும் செய்து சோதித்தல் என்பன அவை. அமெரிக்காவில் பர்டியூ சர்வகலாசாலை 1995-இல் இம்முறையைப் பின்பற்றி ஒரு திட்டம் தொடங்கியது. அதில் மாணாக்கர் குழுக்கள் பொதுநல ஸ்தாபனங்களுக்கு வேண்டிய சாதனங்களைச் செய்து கொடுக்கின்றன. நம் தேசத்தில் நாட்டு நலப்பணித் திட்டம் 1969-இல் 37 சர்வகலாசாலைகளில் ஆரம்பமாயிற்று. உன்னத பாரத இயக்கம் 2014-இல் தோன்றியது. இதில் சேரும் கலாசாலைகள் கிராமங்களைத் தத்தெடுத்து அவற்றின் தேவைகளை ஆராய்கின்றன.

இக்கல்வியில் ஆசிரியர்கள் நீங்களே. ஆகவே மாணாக்கர் வரும்போது மாலையும் விருந்தும் வேண்டுவதில்லை. சமையலறையையும், தண்ணீர் எடுக்கும் இடத்தையும், பழுதுற்றுக் கிடக்கும் பம்பையும் காட்டுங்கள். பெண்களும் விவசாயக் கூலிகளும் அவர்களோடு தடையின்றிப் பேச இடமளியுங்கள். மாணாக்கர் செய்தளித்த கருவி ஓராண்டு கழித்து எந்நிலையில் இருக்கின்றது என்பதைச் சங்கப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். மறுவருஷம் வருவோர்க்கு முதலில் அக்குறிப்பைக் காட்டினால், முன்னவர் செய்த பிழையைப் பின்னவர் மீண்டும் செய்யார்; நம் பொருளும் உழைப்பும் வீணாகா.