கணனிக்குப் பாகம் வாங்க முன் கணக்குப் பாருங்கள்

கணனி மந்தமானால் எமது வியாபாரிகள் பெரும்பாலும் இரண்டு முடிவுகளில் ஒன்றைத்தான் எடுக்கிறார்கள். ஒன்று, இருப்பதை ஒதுக்கிவிட்டுப் புதியது வாங்குவது. மற்றையது, யாரோ சொன்ன ஒரு பாகத்தை வாங்கி அதற்குள் பொருத்துவது. இரண்டிலும் பொதுவான குறை ஒன்றுண்டு. என்ன கோளாறு என்று தெரிய முன்பே பணம் கைமாறிவிடுகிறது.

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய பகுதிகளிலும் கிண்ணியா, மூதூர் பக்கங்களிலும் சிறு வியாபார நிலையங்களின் கணக்கு வேலைகளைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். வலைக்கடை, அரிசி ஆலை, மருந்துக்கடை என்று எங்கு போனாலும் முன்பு மேசை லாச்சிக்குள் இருந்த கடன் கொப்பி இப்போது கணனிக்குள் இருக்கிறது. மீன்பிடி உபகரணம் விற்கும் ஒரு கடையில், படகுக்காரர்கள் தரவேண்டிய கடன் முழுவதும் ஒரேயொரு ஹார்ட் டிஸ்க்கில் பதிவாகியிருந்தது. அது பழுதானால் யார் எவ்வளவு தரவேண்டும் என்பது படகுக்காரருக்கு மட்டும்தான் தெரியும்! ஆகவே கணனியில் விடும் பிழையின் விலை, அந்தப் பெட்டியின் விலையோடு நின்றுவிடுவதில்லை.

நான் கண்ட நட்டங்களில் அடிக்கடி திரும்பி வருபவை சில. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நோய் தெரியாமல் மருந்து

"ரெம் கூட்டினால் வேகம் வரும்" என்பது எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். ஆனால் எல்லா நோய்க்கும் அது மருந்தல்ல. கிண்ணியாவில் ஒரு முதலாளி 4 ஜிபி ரெம்மை 8 ஜிபி ஆக்கினார். கணனி முன்பு போலவே ஊர்ந்தது. அங்கே சுமையாக இருந்தது பழைய ஹார்ட் டிஸ்க்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சதமும் செலவில்லை. விண்டோஸில் 'டாஸ்க் மெனேஜர்' என்ற பகுதியைத் திறந்து, வழமையான வேலை நடக்கும்போது கவனியுங்கள். டிஸ்க் என்ற இடம் நூறு வீதத்தில் நின்று, மெமரி பாதியளவில் இருந்தால் குறை டிஸ்க்கில். மெமரி நிரம்பி வழிந்தால் ரெம் போதவில்லை. சுழலும் ஹார்ட் டிஸ்க் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 100 முதல் 150 மெகாபைட் வரை வாசிக்கும். சாதாரண எஸ்.எஸ்.டி. 500 மெகாபைட் வரை வாசிக்கும். சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளைத் தேடி எடுப்பதில் இந்த வித்தியாசம் இன்னும் பல மடங்கு. இரண்டு நிமிடம் பார்த்தால் தெரிந்துவிடும் விடயத்தைப் பாராமல் வாங்குவதுதான் முதல் நட்டம். 2025 இன் பிற்பகுதியில், செயற்கை நுண்ணறிவு நிலையங்களின் தேவையால் உலகச் சந்தையில் ரெம் விலை கடுமையாக ஏறியது. இந்த நிலையில் தேவையற்ற ரெம் வாங்குவது இரட்டை நட்டம்.

பார்வைக்குப் பொருந்தும், வேலை செய்யாது

இரண்டாவது நட்டம் பொருந்தாத பாகம். டி.டி.ஆர் 3, டி.டி.ஆர் 4, டி.டி.ஆர் 5 என்ற ரெம் வகைகளில் ஒன்று மற்றதன் இடத்தில் ஏறாது. அவற்றின் வெட்டு அமைந்த இடமே வேறு. இதையாவது கண்ணால் கண்டு திருத்தலாம். புரொசஸர் விடயத்தில் கண்ணும் ஏமாற்றும். இன்டெல் நிறுவனத்தின் 6 ஆம், 7 ஆம் தலைமுறைப் புரொசஸர்களும் 8 ஆம், 9 ஆம் தலைமுறைப் புரொசஸர்களும் 1151 என்ற ஒரே சொக்கட் இலக்கம் கொண்டவை. உள்ளே அழகாக உட்காரும். ஆனால் பழைய மதர்போர்ட்டில் புதியது இயங்காது. சொக்கட் இலக்கத்தை மட்டும் நம்பி வாங்கியவர் மதர்போர்ட்டையும் மாற்ற வேண்டிவரும்.

எனவே கடைக்குப் போக முன் மதர்போர்ட்டின் மாதிரி இலக்கத்தை எழுதிக்கொள்ளுங்கள். அதைத் தயாரித்த நிறுவனத்தின் இணையத்தளத்தில் எந்தப் புரொசஸர், எந்த ரெம் ஏற்கப்படும் என்ற பட்டியல் இருக்கும். விற்பவரின் வாய்ச் சொல்லைவிட அந்தப் பட்டியல் நம்பகமானது.

சிறு பாகம் பெரும் பாகத்தைத் தின்னும்

பணத்தை மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் முதலில் கை வைப்பது பவர் சப்ளையில். உள்ளே மறைந்திருப்பது, வேகம் தராதது, அதனால் மலிவானது போதும் என்ற எண்ணம். இந்த எண்ணத்தின் விலையை ஒரு பெரிய நிறுவனமே கட்டியிருக்கிறது. 2000 களின் ஆரம்பத்தில் தரக்குறைவான கெப்பாசிட்டர்கள் உலகெங்கும் மதர்போர்ட்களில் சேர்ந்தன. ஒன்றின் விலை மிகச் சொற்பம். ஆனால் அவை உப்பி, கசிந்து, முழு மதர்போர்ட்டையும் முடக்கின. டெல் நிறுவனம் தனது ஆப்டிபிளெக்ஸ் ஜி.எக்ஸ் 270 போன்ற கணனிகளைத் திருத்துவதற்காக 2005 இல் ஏறத்தாழ 300 மில்லியன் டொலரை ஒதுக்க நேர்ந்தது. டெல் தாங்கிக்கொண்டது. எமது சில்லறைக் கடை தாங்குமா?

பாவித்த கணனி வாங்குபவர்கள் மூடியைத் திறந்து, மதர்போர்ட்டில் உள்ள சிறு உருளைகளின் தலை தட்டையாக இருக்கிறதா, உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். உப்பியிருந்தால் விலை பேசவே வேண்டாம்.

எமது ஊரின் காலநிலையும் இதில் பங்காளி. கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெப்பமும் தூசியும். வாடைக் காலத்தில் ஈரமும் உப்புக் காற்றும் இடிமின்னலும். கடலோரக் கடைகளில் ரெம்மின் தொடுமுனைகள் அழுக்கேறி, கணனி திடீரென்று எழும்பாமல் விடுவதுண்டு. கழற்றித் துடைத்துப் போட்டால் சரியாகும் கோளாறுக்குப் புதிய மதர்போர்ட் வாங்கியவர்களும் இருக்கிறார்கள். கணனிப் பெட்டியின் இரும்பைத் தொடும்போது கை சுள்ளென்றால் எர்த் சரியில்லை என்று பொருள். எந்தப் பாகத்துக்கும் முன்னர் ஒரு மின்னிணைப்பாளரை அழையுங்கள்.

மின்சாரம் நிற்பதும் எமக்குப் புதிதல்ல. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததால் முழு நாடும் இருண்டது. கணக்கு எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கோப்பு பழுதாகலாம். ஒரு சிறிய யு.பி.எஸ். சில நிமிடங்களே தாங்கும். சேமித்து மூடுவதற்கு அது போதும். லேசர் பிரிண்டரை மட்டும் அதில் இணைக்க வேண்டாம்.

எங்கே நிறுத்துவது?

விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 இல் முடிந்தது. விண்டோஸ் 11 இற்கு இன்டெல் புரொசஸர்களில் பெரும்பாலும் 8 ஆம் தலைமுறை முதல்தான் இடம். எனவே 4 ஆம் தலைமுறைக் கணனிக்கு டி.டி.ஆர் 3 ரெம் வாங்கிச் சேர்ப்பவர், அடுத்த கணனிக்குக் கொண்டுபோக முடியாத பாகத்தில் முதலிடுகிறார்.

வியாபாரிகளுக்கு நான் சொல்லும் கணக்கு இதுதான். பாகங்களை இரண்டாகப் பிரியுங்கள். சாட்டா எஸ்.எஸ்.டி., மொனிட்டர், யு.பி.எஸ். ஆகியவை அடுத்த கணனிக்கும் உதவும்; அவற்றில் செலவழிப்பது முதலீடு. பழைய புரொசஸர், பழைய ரெம் ஆகியவை அந்தப் பெட்டியோடு போய்விடும். அவற்றில் செலவழிப்பது பராமரிப்புச் செலவு. அந்தப் பராமரிப்புச் செலவு, பொருத்தமான வேறொரு கணனியின் விலையில் பாதியைத் தாண்டினால் அங்கேயே நிறுத்துங்கள்.

கொழும்பு விலையும் எமது விலையும்

பம்பலப்பிட்டியில் சில ஆயிரம் ரூபா குறைவு என்று அங்கு போய் வாங்குகிறோம். கொழும்பு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். பொருள் பழுதானால் உத்தரவாதத்துக்காக மீண்டும் பயணம், ஒரு நாள் வியாபார இழப்பு, திருத்தி வரும்வரை காத்திருப்பு. இவற்றையும் கூட்டிப் பார்த்த பிறகே எது மலிவு என்று சொல்ல வேண்டும். சில வேளை கொழும்பு இலாபம், சில வேளை எமது பிரதான வீதிக் கடையே இலாபம்.

எங்கு வாங்கினாலும் பாகத்தின் தொடரிலக்கமும் உத்தரவாதக் காலமும் எழுதிய பற்றுச்சீட்டு கேளுங்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்படி இயங்கும் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்து மூலம் முறையிடலாம். 1977 என்ற தொலைபேசி இலக்கமும் உண்டு. முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் செய்ய வேண்டும். பற்றுச்சீட்டு இல்லாமல் போனால் உங்கள் பக்கம் பேச எதுவும் இல்லை.

பெட்டியைத் திறக்க முன்

எல்லாவற்றிலும் பெரிய நட்டம், பிரதி எடுக்காமல் வேலையைத் தொடங்குவது. ஹார்ட் டிஸ்க்கை மாற்றும்போது பழையதைத் தவறுதலாக அழித்துவிட்டால் புதியதை எவ்வளவு விலைக்கு வாங்கியும் பயனில்லை. எனவே முதலில் கணக்குக் கோப்புகளை இரண்டு இடங்களில் பிரதி எடுங்கள். ஒன்று கடையில், மற்றொன்று வீட்டில். வெள்ளமோ தீயோ கடையைத் தொட்டாலும் வீட்டுப் பிரதி மிஞ்சும். எடுத்த பிரதியை வேறொரு கணனியில் திறந்து பாருங்கள். திறக்காத பிரதி பிரதியல்ல. பழைய டிஸ்க்கை உடனே விற்காமல் ஒரு மாதமாவது லாச்சிக்குள் வையுங்கள்.

பிரதி, கோளாறைக் கண்டறிதல், பொருத்தம் பார்த்தல், எர்த்தும் பவர் சப்ளையும், அதன் பின்னரே கொள்வனவு. இந்த ஒழுங்கில் முதல் மூன்றுக்கும் சேர்த்து ஒரு பென்டிரைவின் விலைதான் செலவு. ஆனால் நான் கண்ட நட்டங்களில் பெரும்பாலானவை இந்த மூன்றையும் தாண்டிக் குதித்ததால் வந்தவையே.