வீடு கம்பெனியுடையது, வளையல் யாருடையது?

சொத்துத் தகராறு என்றாலே நிலத் தகராறு என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். கோலார் தங்கவயலில் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன் நான். எங்கள் ஊர்க் கதை வேறு. 1880-களில் ஜான் டெய்லர் கம்பெனி கால் வைத்ததிலிருந்து மண்ணும் கம்பெனியுடையது, லைன் வீடும் கம்பெனியுடையது. வட ஆற்காட்டிலிருந்து வந்து சுரங்கத்தில் இறங்கியவர்கள் சேர்த்ததெல்லாம் வண்டியில் ஏற்றிப் போகக்கூடியவைதான்: நகை, பீரோ, தையல் மெஷின், சைக்கிள். பின்னாளில் சுரங்கத்தை நடத்திய பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டபோதும் கையில் நின்றவை அவையே. சட்டத்தில் இதற்கு அசையும் சொத்து என்று பெயர். நம் ஆட்கள் இதைச் சொத்தாகவே எண்ணுவதில்லை. வம்பு அங்கேதான் ஆரம்பம்.

கடை கைமாறும்போது

ராபர்ட்சன்பேட்டையில் வாடகைக் கட்டடத்தில் மாவு மில் நடத்துபவர் அதை விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அசையும் பொருளுக்குப் பதிவு வேண்டாம். விலை பேசி, பொருளைக் கொடுத்தால் முடிந்தது. நிலம், கட்டடம் என்றால் 100 ரூபாய் மதிப்பிலிருந்தே பதிவுப் பத்திரம் கட்டாயம்.

தரையில் போல்ட் போட்டு இறுக்கிய அரைவை மெஷின் எதில் சேரும்? ஆட்டம் காணாமல் இருக்க இறுக்கியது, கழற்றி வேறிடத்தில் ஓட்டலாம் என்றால் பெரும்பாலும் அசையும் சொத்துதான். நிரந்தரமாக நிற்கவென்றே பதித்த இயந்திரம் அப்படியல்ல. கான்பூர் உர ஆலை கைமாறிய டங்கன்ஸ் வழக்கில், அதன் இயந்திரங்கள் அசையாச் சொத்துதான், முத்திரைக் கட்டணம் உண்டு என்று 1999-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அதனால் ஒப்பந்தத்தோடு ஒரு பட்டியல் இணைப்பேன்: மோட்டாரின் குதிரைத்திறன், சீரியல் எண், எடை மெஷின், இருப்பிலுள்ள மூட்டைகள், கடைப்பெயர். வாடிக்கையாளர் தரவேண்டிய பாக்கி வாய்ப்பேச்சில் கைமாறாது. அதற்கு எழுத்து வேண்டும். நடக்கிற தொழிலை அப்படியே மொத்தமாகக் கொடுத்தால் ஜிஎஸ்டி இல்லை. பதிவு பெற்ற கடைக்காரர் சாமான் சாமானாகப் பிரித்து விற்றால் உண்டு.

நகையும் வரியும்

கட்டில், பீரோ, ஓட்டுகிற ஸ்கூட்டர் போன்ற சொந்த உபயோகப் பொருள்களை விற்றால் மூலதன ஆதாய வரி கிடையாது. நகைக்கு அந்தச் சலுகை இல்லை. அம்மா உயிலில் எழுதிய நகை மகள் கைக்கு வரும்போது வரி இல்லை. எஸ்டேட் டியூட்டி 1985-இலேயே ஒழிந்தது. மகள் விற்கும்போதுதான் கணக்கு. அம்மா வாங்கிய விலையே மகளுக்கும் அடக்க விலை. அம்மா வைத்திருந்த காலமும் சேரும். 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கியது என்றால் அன்றைய சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். சுரங்கம் மூடி ஒரு மாதம் கழித்து வரும் தேதி, எங்கள் ஊரில் யாருக்கும் மறக்காது. இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்த நகையின் லாபத்துக்கு, 2024 ஜூலை 23 முதல் 12.5 சதவீத வரி.

உயில்

மாரிக்குப்பத்திலிருந்து ஒரு கிறிஸ்தவ அம்மா வந்திருந்தார். "வீடா வாசலா, எழுதறதுக்கு என்ன இருக்கு தம்பி? வளையலு, பீரோ, தையல் மெஷினு, போஸ்டாபீஸ்ல கொஞ்சம் பணம். வளையலு மட்டும் மவளுக்கு." சாட்சிக்கு மருமகனையே கூட்டி வந்திருந்தார்.

"வளையல் எங்கேம்மா?"

சுருக்குப்பையிலிருந்து நாலாய் மடித்த அடகுச்சீட்டு வந்தது. வளையல் சேட்டுக் கடையில்.

இரண்டு சிக்கல். 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி உயிலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். சாட்சிக்கோ அவர் மனைவி, கணவருக்கோ எழுதிய பொருள் கிறிஸ்தவர்கள் உயிலில் செல்லாது. மருமகன் கையெழுத்துப் போட்டிருந்தால் மகளுக்கு வளையல் போயே போச்சு. இந்துக்களுக்கு இந்த விதி இல்லை. ஆனாலும் பயன்பெறுகிறவர் வீட்டாரைத் தவிர்ப்பதே நல்லது. முஸ்லிம்களுக்குத் தனிச் சட்டம். இரண்டாவது, உயிலில் வேறுவிதமாக எழுதாவிட்டால், அடகில் இருக்கும் பொருளைப் பெறுகிறவரே கடனையும் கட்டி மீட்க வேண்டும். அதற்குள் ஏலத்தில் போனால் ஒன்றும் கிடைக்காது.

அக்கம்பக்கத்துக்காரர் இருவர் சாட்சிக்கு வந்தார்கள். வளையலின் எடை, வேலைப்பாடு, சீட்டு எண் எல்லாம் எழுதி, மீட்கும் செலவைத் தபால் சேமிப்பிலிருந்து எடுக்கவேண்டும் என்று ஒரு வரி சேர்த்தேன். முத்திரைத்தாளும் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை. முழுப்பக்க வெள்ளைத்தாள் ஒன்று போதுமானதாக இருந்தது.