பையைப் பிரித்துப் பாருங்கள்

டீயைக் குடித்துக்கொண்டே பேசுவோம். மனை அரை கிரவுண்டு, 1,200 சதுர அடி. வீடு கட்டியது போக மதிலோரம் நாலைந்தடி மண் மிச்சம். அதில் என்ன மரம் வைக்கலாம் என்கிறீர்கள். நர்சரிக்குப் போனால் எது உயரமாய்ப் பூவோடு நிற்கிறதோ அதையே கை காட்டத் தோன்றும். அதற்கு முன் ஒரு கேள்வி: உங்கள் வீட்டில் மேற்குச் சுவர் எது?

கோடையில் உச்சி வெயிலை மொட்டை மாடி வாங்கிக்கொள்கிறது. அறைகளை வேகவைப்பது மதியம் மூன்று மணிக்கு மேல் சாய்ந்து அடிக்கும் மேற்கு வெயில்தான். ஒரு மரத்துக்குத்தான் இடம் என்றால் அது மேற்கே இருக்கட்டும்.

நாலடி இடத்தில் வேம்பும் புங்கனும் வேண்டாம். அருமையான மரங்கள்தான், ஆனால் வளர்ந்தபின் இருபது, முப்பது அடி அகலம் கேட்கும். கொடுக்க இடமில்லாமல் ஆண்டுக்கொரு முறை ஆள் வைத்து மொட்டையடிப்பதற்குப் பெயர் மரம் வளர்ப்பதா? பவழமல்லி, மருதாணி, கறிவேப்பிலை, செம்பருத்தி, நந்தியாவட்டை இவை அந்த இடத்துக்குள் அடங்கும். முருங்கை ஆசை இருந்தால் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989இல் வெளியிட்ட பி.கே.எம்.-1 விதையை ஊன்றுங்கள். நுனி கிள்ளிக் குட்டையாக வைக்கலாம். கிளை சடக்கென முறியும், மின்கம்பிப் பக்கம் மட்டும் கூடாது. சீக்கிரம் பச்சை வேலி ஆகிவிடும் என்று கோனோகார்பஸை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். குஜராத் அரசு 2023இல் அதை நடவே தடை போட்டது.

வேர் அஸ்திவாரத்தைத் துளைத்துவிடும் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. மரம் நீர் உறிஞ்சும் வேர்களில் பெரும்பங்கு மேல்மண்ணில், இரண்டடி ஆழத்துக்குள் கிடக்கிறது. கிளைப் பரப்பையும் தாண்டிப் பக்கவாட்டில் ஓடும். நல்ல குழாயை அது உடைப்பதில்லை. கசியும் மூட்டு இருந்தால் ஈரத்தைத் தேடி உள்ளே நுழையும். களிமண் பூமி என்றால் சங்கதி வேறு. கோடையில் மரம் நீரை இழுக்க மண் சுருங்கும், சுவரில் விரிசல் விழும். அங்கே பெரிய மரத்தைத் தள்ளித்தான் வைக்க வேண்டும்.

உண்மையில் பயப்பட வேண்டிய வேர் நர்சரியின் கறுப்புப் பைக்குள் இருக்கிறது. சின்னப் பையில் வருஷக்கணக்கில் கிடந்த கன்றின் வேர், போக வழியில்லாமல் ஸ்பிரிங் மாதிரி சுற்றிக்கொள்ளும். அப்படியே நட்டால் மண்ணிலும் அதே வட்டம்தான். தடித்துத் தடித்துத் தன் தண்டையே நெரிக்கும்; மேலே தழை செழிப்பாய் இருக்கும், கீழே பிடிமானம் இராது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. வேரைச் சுற்றி சிமென்ட் பூசியது, பள்ளம் தோண்டி வேரை வெட்டியது என்று காரணம் பல. ஆனால் பிடிமானமில்லாத மரத்தைத் தள்ளப் புயல்தான் வர வேண்டும் என்பதில்லை. ஆகவே ஆறடிக் கன்றைவிட இரண்டடிக் கன்று மேல், விலையும் குறைவு. பையைப் பிரித்து, சுற்றிய வேரைக் கையால் விரித்துவிடுங்கள், விரியாததைக் கத்தரியுங்கள். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.

குழி, பையைப்போல் இரண்டு மூன்று மடங்கு அகலம். ஆழம் பை அளவு போதும். தண்டு வேராக மாறும் இடம் தரை மட்டத்தில் நிற்க வேண்டும், புதைந்தால் அழுகும். ஒட்டுக்கன்று என்றால் ஒட்டுக்கட்டிய இடம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். அதற்குக் கீழே துளிர்ப்பது ஒட்டுக் கிளையல்ல, அடிக்கன்று, கிள்ளி எறியுங்கள். தண்ணீரைத் தண்டின் அடியில் ஊற்றாமல் சற்றுத் தள்ளி வட்டப் பாத்தி கட்டி, தினம் ஒரு சொம்பு என்றில்லாமல் நாலு நாளைக்கு ஒருமுறை நிறைய விடுங்கள். கன்று வேர் பிடிக்கும்வரை மட்டும் அடிக்கடி. முட்டுக் குச்சியில் கட்டிய கயிறு தளர்வாக இருக்கட்டும். ஒரு வருஷத்தில் அவிழ்த்துவிடுங்கள், மறந்தால் பட்டைக்குள் இறங்கிவிடும்.