பதினோராம் நம்பர் கூண்டு: டைரி டேட்டா நம்ம மனசைப் பத்தி எவ்வளவு சொல்லும்?

(எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னிக்கு எபிசோட் டைரி எழுதுறவங்களுக்கும், ஜனவரி ஒண்ணாம் தேதி ஆரம்பிச்சு பொங்கலுக்குள்ள விட்டவங்களுக்கும். போன்ல டைரி எழுதுற பழக்கம் இப்ப நிறைய பேருக்கு இருக்கு. 2023 டிசம்பர்ல ஆப்பிள் ஐபோனுக்குள்ளேயே ஜேர்னல்னு ஒரு ஆப் கொடுத்தது. அதுக்கு முன்னாடியே டே ஒன் மாதிரி ஆப்கள் இருந்தன. இதுல பல ஆப்கள் எழுத இடம் கொடுக்கிறதோட நிக்கிறதில்ல, கிராஃபும் போட்டுக் காட்டும். எத்தனை நாள் எழுதினீங்க, எத்தனை வார்த்தை, எந்தக் கிழமை மூட் நல்லா இருந்தது. அந்த கிராஃபை எவ்வளவு நம்பலாம்? அதுதான் இன்னிக்குப் பேச்சு.

இதுல எனக்கு ஒரு சுயநலமும் இருக்கு. ராமேஸ்வரத்துல வீட்டுல இருந்தே வேலை பார்க்கிறேன். சென்னைக்குத் திரும்பி வரணுமா, இங்கேயே இருக்கணுமான்னு ஆபீஸ்ல முடிவு சொல்லச் சொல்லிட்டாங்க. ஊர்ல இருந்தா நான் நல்லா இருக்கேனா? அம்மாவைக் கேட்டா ஒரு பதில், நண்பர்களைக் கேட்டா வேற பதில். மூணு வருஷ டைரி கையில இருக்கு, அதையே கேட்டுப் பார்ப்போம்னு உட்கார்ந்தேன்.

முதல் பிரச்சினை: ஒண்ணுல இருந்து அஞ்சு வரை

மூட் ஆப்கள் பொதுவா ஒரு ஸ்கோர் கேட்கும். ஒண்ணுன்னா மோசம், அஞ்சுன்னா சூப்பர். இது ஏன் பத்தாதுன்னு புரிய எங்க ஊர்ல ஒரு நல்ல உதாரணம் இருக்கு. பாம்பன் துறைமுகத்துல புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏத்துறதை டிவி செய்தியில கேட்டிருப்பீங்க. "மூன்றாம் எண் கூண்டு ஏற்றப்பட்டது"ன்னு சொல்வாங்க. மொத்தம் 11 எண் இருக்கு. நிறைய பேர் நினைக்கிற மாதிரி நம்பர் கூடக் கூட காத்து கூடும்னு மட்டும் அர்த்தம் இல்ல. ஒண்ணும் ரெண்டும் தூரத்துல இருக்கிற ஆபத்து. மூணும் நாலும் துறைமுகத்துக்கே வரக்கூடியது. அஞ்சு, ஆறு, ஏழுல புயல் துறைமுகத்தை எந்தப் பக்கமா கடக்கும்ங்கிற தகவலும் சேர்ந்து வருது.

மூட் ஸ்கோர்ல இது கிடையாது. "ரெண்டு"ன்னு போட்டா அது தூரத்துல இருக்கிற பயமா, வாசல்ல நிக்கிற பிரச்சினையா? அப்பா தலைமுறைக்கு காத்துன்னாலே வாடை, கொண்டல், கச்சான்னு தனித்தனிப் பேர். பேர் தெரிஞ்சாதான் வலையை எங்க விடறது, எப்பத் திரும்புறதுன்னு முடிவெடுக்க முடியும். மனசுக்கும் அப்படித்தான். உளவியலாளர் லிசா ஃபெல்ட்மேன் பேரட் இதைப் பத்தி நிறைய எழுதியிருக்காங்க. உணர்ச்சிகளை நுணுக்கமாப் பிரிச்சுப் பேர் சொல்லத் தெரிஞ்சவங்களுக்கு அதைச் சமாளிக்கிறதும் ஓரளவு எளிதா இருக்குங்கிறது அவங்க வாதம். அதனால ஸ்கோரை விட்டுட்டு ஒரு வார்த்தை எழுதுங்க. சலிப்பு, கடுப்பு, ஏக்கம், பதட்டம், குற்ற உணர்ச்சி. எல்லாமே ஆப்புக்கு "ரெண்டு"தான். ஆனா ஒவ்வொண்ணுக்கும் மருந்து வேற.

ரெண்டாவது பிரச்சினை: தமிழை எண்ணுறது

எழுதினதை கம்ப்யூட்டர் எப்படி வாசிக்குதுன்னு பார்ப்போம். பைத்தான் தெரிஞ்சவங்க இதை வீட்டுல முயற்சி பண்ணலாம். "மீன்"ங்கிற சொல் நமக்கு ரெண்டு எழுத்து. பைத்தான்ல நீளம் கேட்டா நாலுன்னு சொல்லும். யூனிகோட்ல ம, ஈகாரக் குறி, ன, புள்ளின்னு நாலு துண்டா இருக்கு. பைத்தானோட வழக்கமான ரெஜெக்ஸ் உயிர்மெய்க் குறியையும் புள்ளியையும் எழுத்தாவே மதிக்காது. அதனால "மீன்"ஐ "ம", "ன"ன்னு உடைச்சு, ஒரு வார்த்தையை ரெண்டா எண்ணும். இந்த மாதிரி எண்ணுற ஒரு கருவி "தமிழ்ல நீங்க நிறைய எழுதுறீங்க"ன்னு சொன்னா சந்தோஷப்படாதீங்க. இடைவெளியை வச்சு சொற்களைப் பிரிச்சாலே இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும்.

அடுத்தது "நான்". அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர், நாம கண்டுக்காத சின்னச் சின்னச் சொற்களை எண்ணியே மனநிலையைப் பத்தி ஏதாவது தெரியுமான்னு பல வருஷம் ஆராய்ச்சி பண்ணவர். 2004-ல அவரும் சேர்ந்து வெளியிட்ட ஒரு ஆய்வுல, மனச்சோர்வு இருந்த கல்லூரி மாணவர்கள் கட்டுரைகள்ல "நான்" கொஞ்சம் அதிகமா வந்ததுன்னு பார்த்தாங்க. அது ஆங்கிலம். தமிழ்ல "நான்" சொல்லாமலேயே "போனேன், சாப்பிட்டேன், அழுதேன்"னு பக்கம் பக்கமா எழுதலாம். வினையோட வாலிலேயே நான் ஒட்டிக்கிட்டு இருக்கேன். சரி, "-ஏன்" விகுதியை எண்ணலாம்னா, கடையில தேன் வாங்கினதும் அந்தக் கணக்குல வந்துடும்.

இன்னும் முக்கியமானது, தமிழ்ல உணர்ச்சி பெரும்பாலும் "எனக்கு"ல வரும். எனக்குக் கோபம் வந்துச்சு. எனக்குப் பிடிக்கல. எனக்கு முடியல. அங்கே "நான்" இல்லவே இல்ல. அதனால தமிழ் டைரியில "எனக்கு"வைத் தனியா எண்ணிப் பாருங்க. "நாங்க"வையும் "நாம"வையும் பிரிச்சுப் பாருங்க. ஆங்கிலத்துல ரெண்டுமே ஒரே சொல். நம்ம மொழியில வீட்டைப் பத்தி "நாங்க"ன்னு எழுதினவர் ஒரு கட்டத்துல "அவங்க"ன்னு எழுத ஆரம்பிச்சா, அது கவனிக்க வேண்டிய மாற்றம்.

பேச்சுத் தமிழ்ல எழுதுறவங்களுக்கு இன்னொரு பொறி இருக்கு: "ல". "தூங்கல, பிடிக்கல, பேசல"ன்னா இல்லை. "வீட்டுல, படகுல, கரையில"ன்னா இடம். கடைசி எழுத்தை வச்சு எதிர்மறையை எண்ணினா, கடற்கரையில உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்ட நாள் சோகமான நாளாயிடும். "சும்மா இருந்தேன்"ங்கிறதை எந்த மெஷின்கிட்டயும் கொடுக்காதீங்க. அது நிம்மதியா வெறுமையான்னு எழுதின உங்களுக்குத்தான் தெரியும்.

அப்ப எதைத்தான் எண்ணுறது?

இதுக்கு ஆனந்தரங்கப் பிள்ளையைக் கூப்பிடலாம். 1709-ல பிறந்தவர், புதுச்சேரியில பிரெஞ்சு கவர்னர் டூப்ளேக்கு துபாஷியா இருந்தவர். 1736 செப்டம்பர்ல இருந்து 1761 ஜனவரி வரை, சுமார் கால் நூற்றாண்டு தமிழ்ல டைரி எழுதினார். ஆங்கில மொழிபெயர்ப்பே 12 தொகுதி. அதுல மூட் ஸ்கோர் எங்கேயும் கிடையாது. கப்பல் வந்தது, சரக்கு வித்தது, யார் யாரைப் பார்த்தாங்க, ஊர்ல என்ன பேச்சு, இதுதான் பெரும்பாலும். ஆனா அவருக்கு எது முக்கியமா இருந்தது, யார் மேல எரிச்சல், எப்பக் கவலைன்னு வாசிக்கிறவங்களுக்குத் தெரிஞ்சுடும். எந்த நாளைப் பத்தி நீளமா எழுதுறார், யார் பேர் திரும்பத் திரும்ப வருதுங்கிறதே போதும்.

உங்க டைரியிலும் அந்த மூணை எண்ணுங்க: எத்தனை மணிக்கு எழுதினீங்க, எவ்வளவு நீளம், யார் பேர் வருது. எனக்கு இதுல பளிச்சுனு தெரிஞ்சது நேரம்தான். ராத்திரி ஒரு மணிக்கு மேல எழுதினது எல்லாம் நீளம், அதுல அடுத்த நாளைப் பத்தின பயம் அதிகம். தூக்கம் கெட்டதால பயமா, பயத்தால தூக்கம் கெட்டதான்னு டைரி சொல்லாது. ஆனா கேள்வி கையில கிடைச்சுடுச்சு.

நாலாவதா ஒண்ணு சேர்த்துக்கலாம்: "ஏன்னா, அதனால, இப்பதான் புரியுது" மாதிரி சொற்கள். பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986-ல ஒரு சோதனையை வெளியிட்டாங்க. மாணவர்கள் நாலு நாள், தினம் 15 நிமிஷம், மனசைப் பாதிச்ச விஷயத்தைப் பத்தி எழுதினாங்க. எழுதி முடிச்சதும் மூட் இறங்கத்தான் செஞ்சது. ஆனா ரொம்பவே வேதனையான சம்பவத்தை, அப்ப என்ன உணர்ந்தோம்ங்கிறதையும் சேர்த்து எழுதினவங்க, அடுத்த மாசங்கள்ல கல்லூரி மருத்துவ மையத்துக்குப் போனது குறைவா இருந்தது. அவரோட பின்னாளைய ஆய்வுகள்ல, நாளாக நாளாகக் காரணம் சொல்ற, புரிதல் காட்டுற சொற்கள் கூடினவங்களுக்குத்தான் பலன் அதிகமாத் தெரிஞ்சது. அப்ப எழுதின உடனே "இப்ப எப்படி இருக்கு?"ன்னு ஆப் கேட்டா, பதில் மோசமா இருக்கலாம். அதுக்காக எழுதறது கெடுதல்னு ஆயிடாது.

ரெண்டு கடலோட சராசரி

ராமேஸ்வரம் தீவுக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. வடகிழக்குப் பருவத்துல வடக்குப் பக்கம் கொந்தளிக்கும். தென்மேற்குக் காத்து அடிக்கிற மாசங்கள்ல தெற்குப் பக்கம் முரடாயிடும். தனுஷ்கோடியில நின்னா ஒரே நாள்ல ஒரு பக்கம் குளம் மாதிரி, மறு பக்கம் அலை. பெண் கடல், ஆண் கடல்னு இங்க சொல்றது இதைத்தான். ரெண்டையும் கூட்டி வகுத்து "இன்னிக்கு கடல் சுமார்"னு சொன்னா யாருக்கும் பிரயோஜனம் இல்ல. "உங்க மாதச் சராசரி மூட் 3.2"ங்கிறதும் அதே மாதிரிதான். வேலை பத்தி எழுதினதை ஒரு பக்கம், வீடு பத்தி எழுதினதை ஒரு பக்கம் பிரிச்ச பிறகுதான் கிராஃபைப் பாருங்க.

பிரிச்சாலும் அவசரப்படக் கூடாது. என் டைரியில வருஷா வருஷம் ஏப்ரல் நடுவுல இருந்து ஒரு பள்ளம். ஏப்ரல்ல ஆபீஸ்ல அப்ரைசல். வெயிலும் ஏறுது. அதே ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்பா விசைப்படகுல போறவர், அந்த ரெண்டு மாசம் வீட்டுல இருப்பார். மூணும் ஒரே சமயத்துல வந்தா எது காரணம்னு கிராஃபால சொல்லவே முடியாது. அதனால அந்தப் பக்கங்களை எடுத்து வரிசையா வாசிச்சேன். அப்ரைசல் ரெண்டு மூணு நாள்ல முடிஞ்சுபோன விஷயம். திரும்பத் திரும்ப வந்தது படகு மராமத்துக் கடன், வட்டி, வேலை இல்லாம அப்பா ராத்திரி திண்ணையில உட்கார்ந்திருக்கிறது. ஊரா சென்னையாங்கிற என் கேள்விக்கு டைரி பதில் சொல்லல. நான் எங்க இருந்தாலும் அந்த ரெண்டு மாசம் கஷ்டம்தான்னு சொல்லுச்சு. இப்ப ஆபீஸ்ல வேற மாதிரி கேட்டிருக்கேன்: மத்த மாசம் சென்னை, ஏப்ரல்ல இருந்து ஜூன் வரை ஊர். பதிலுக்குக் காத்திருக்கேன்.

எழுதாத நாள்

கூண்டுல 11-ம் எண்ணைப் பத்தி இன்னும் சொல்லல. வானிலை எச்சரிக்கை மையத்தோட தொடர்பு அறுந்துபோச்சு, நிலைமை மோசமாகலாம்னு துறைமுக அதிகாரி கருதுறார்னு அர்த்தம். தகவல் வராததையே ஒரு எச்சரிக்கையா வரிசையில சேர்த்திருக்காங்க.

மூட் ஆப்ல எழுதாத நாள் வெறும் காலிக் கட்டம். சராசரியில அது சேராது. ஆனா நாம எப்ப எழுதாம விடுவோம்? ரொம்ப சந்தோஷமா, பிஸியா இருக்கும்போது. இல்லன்னா எழுந்து பல் தேய்க்கவே முடியாதபோது. ரெண்டுமே கணக்குல வராததால கிராஃப் நம்மை நிஜத்தை விட சமநிலையான ஆளாக் காட்டும். ஆனந்தரங்கப் பிள்ளை டைரியிலும் இடைவெளிகள் இருக்கு. அவர் எழுதலையா, எழுதின ஏடு தொலைஞ்சதான்னு நாம ஊகிக்கத்தான் முடியும். உங்க டைரிக்கு அந்தக் கஷ்டம் இல்ல, நீங்க உயிரோட இருக்கீங்க. திரும்ப எழுத வரும்போது முதல் வரியில "பத்து நாள் எழுதல, ஏன்னா…"ன்னு எழுதிடுங்க. "ஊர்த் திருவிழா"ன்னு இருக்கலாம். "யார்கிட்டயும் பேசப் பிடிக்கல"ன்னும் இருக்கலாம். அந்த ஒரு வரி, ஆப்போட பத்து கிராஃபுக்குச் சமம்.

இதனாலதான் "தொடர்ந்து 90 நாள்" மாதிரி ஸ்ட்ரீக்கை நான் அணைச்சு வச்சிருக்கேன். ஸ்ட்ரீக்கைக் காப்பாத்த "இன்னிக்கு ஓகே"ன்னு ஒரு வரி போட்டா, அந்த இடைவெளி மறைஞ்சு போயிடும்.

கடைசியா, யார் வாசிப்பாங்க? பிள்ளையோட ஏடுகள் அவர் காலமாகி எண்பது வருஷத்துக்கு மேல ஆன பிறகு, 1846-ல ஒரு பிரெஞ்சு அதிகாரி கையில கிடைச்சு உலகத்துக்குத் தெரிய வந்தது. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆகாது. வீட்டுல ஒரே போனை நாலு பேர் பயன்படுத்துறவங்க, முக்கியமா பெண்கள், ஆப்புக்குத் தனியா லாக் போடுங்க. இல்லன்னா நோட்டுல எழுதி, வாரம் ஒரு தடவை நேரத்தையும் நீளத்தையும் மட்டும் கையால குறிச்சுக்கோங்க. பத்து நிமிஷ வேலை. கோட் எழுதுறவங்க டைரியை எங்கேயும் அப்லோட் பண்ணாம உங்க லேப்டாப்லயே ஓட்டுங்க.

ஒண்ணு மட்டும் தெளிவாச் சொல்லிடறேன். டைரியில தொடர்ந்து "வாழவே பிடிக்கல" மாதிரி வரிகள் வந்தா அதை அனலைஸ் பண்ணிக்கிட்டு இருக்காதீங்க. அன்னிக்கே யாராவது ஒருத்தர்கிட்ட சொல்லுங்க. 14416 டெலி மானஸ் உதவி எண், இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழ்லயே பேசலாம். எழுதுறதை திடீர்னு நிறுத்தின நண்பர், ஸ்டேட்டஸ் போடுறதை நிறுத்தின தம்பி யாராவது ஞாபகம் வந்தா, இந்த எபிசோடை முடிச்சுட்டு ஒரு போன் போடுங்க.

அடுத்த வாரம் பார்க்கலாம் மக்களே.